ஏலமும் புறம்போக்கும்

போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் ஒருவர் ஏலம் என்று சொன்னால், அவர் எதைச் சொல்கிறார் என்பதைச் சந்தர்ப்பத்தைக் கொண்டுதான் நிச்சயிக்க வேண்டும். மேற்கு மலையில் விளையும் நறுமணக் காய்க்கு வழங்கும் ஏலம் பழந்தமிழ்ச் சொல். அக்காயைக் கூவி விற்கும் ஏலமோ போர்ச்சுக்கீசியரின் வாயிலிருந்து நம் கடற்கரையில் இறங்கி, உருத்திரிந்து, ஊருக்குள் வந்து குடியேறிய சொல். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் ஊர் போடி. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் அங்கும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடைபெறும் ஏலக்காய் விற்பனையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அதன் முறை மறக்காது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் எடுத்த மாதிரிக் காய் முதலில் வியாபாரிகளின் முன் வருகிறது. அவர்கள் அதைக் கையில் அள்ளி, நிறமும் பருமனும் நோக்கி, தோலை உரித்து உள்ளிருக்கும் அரிசியை முகர்ந்து பார்த்த பிறகே விலை கேட்கிறார்கள். விலை கேட்கும் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டுவிட்ட இக்காலத்திலும், சரக்கைக் கண்ணால் காணாமல் விலை சொல்லும் வழக்கம் அங்கே ஏற்படவில்லை.

இக்கட்டுரை வேறோர் ஏலத்தைப் பற்றியது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி ஆகிய ஸ்தல ஸ்தாபனங்கள் தங்கள் வசமுள்ள பொதுச் சொத்தில் தேவைக்கு மிஞ்சியது என்று கருதுவதை எவ்வாறு விற்கின்றன, குத்தகைக்கு விடுகின்றன, பிறருக்கு மாற்றிக் கொடுக்கின்றன என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். ஏலக்காய் வியாபாரியின் கண்கொண்டு இதைப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். பொதுச் சொத்தின் விற்பனையில் விலை நிர்ணயமாகும் கட்டம் எல்லாருக்கும் தெரியும்படி நடக்கிறது. விற்கப்படும் பொருள் இன்னதென்று நிர்ணயமாகும் கட்டமோ பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் நடந்துவிடுகிறது.

தெரியும்படி நடப்பதை முதலில் சொல்கிறேன். தேனி மாவட்டத்தில், அதாவது 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட இந்தச் சீமையில், ஆண்டுதோறும் ஸ்தல ஸ்தாபனங்கள் நடத்தும் ஏலங்களைக் கணக்கெடுத்துக்கொண்டு போனால், அவற்றில் நிலத்தை விற்பது ஏறத்தாழ இல்லை என்றே சொல்லிவிடலாம். விற்பனையாவதெல்லாம் நிலத்தின் பலன். சாலையோரப் புளியமரத்தின் ஒரு பருவத்து மகசூல், கண்மாயின் மீன்பாசி, வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமம், பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பிடம், இருசக்கர வாகனக் காப்பகம், கடை வாடகை என்று பட்டியல் நீளும். மரம் ஊருக்குச் சொந்தம், காய் ஏலதாரருக்குச் சொந்தம். நீரும் கரையும் பொது, அந்த ஆண்டின் கெண்டையும் கெளுத்தியும் அவருடையவை. நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை அரசின் நீர்வளத் துறையிடமும் இருப்பதால், அடுத்தடுத்துள்ள இரண்டு கண்மாய்களின் மீனுக்கு இரண்டு வெவ்வேறு அலுவலகங்களில் ஏலம் கேட்கவேண்டிய நிலையும் உண்டு. ஊரார் இவ்வேற்றுமையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, மீனும் கவலைப்படுவதில்லை.

ஏல நாளின் ஆசாரங்கள் சம்பிரதாயமானவை. அறிவிப்புப் பலகையில் விளம்பரம் ஒட்டப்படும். முற்காலத்தில் தண்டோரா போட்டார்கள், இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள். முன்வைப்புத் தொகை கட்டியவர்கள் மட்டுமே கேட்கலாம். அதிகாரி நிபந்தனைகளைப் படித்து முடித்ததும், சென்ற ஆண்டுத் தொகைக்குக் குறையாமல் கேட்க வேண்டும் என்ற அறிவிப்போடு ஏலம் தொடங்கும். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்ற குரலோடு முடியும். அதன்பின் மன்றத்தில் பொருள் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றி, உயர்ந்த கேள்வியை ஏற்றதாகப் பதிவுசெய்து, ஒப்பந்தப் பத்திரம் எழுதுவார்கள். மூன்று புளியமரத்தின் காய்க்கு இத்தனை காகிதமா என்று பரிகசிப்பவர்கள் உண்டு. நான் அவ்வாறு பரிகசிப்பதில்லை. கேட்பவர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, ஒருவர் மட்டும் கேட்பது, மற்றவர்கள் வாய்மூடி இருப்பது, பிறகு இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்வது என்ற தந்திரம் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் அறியாததன்று; அத்தகைய கூட்டணி வெளிப்படும்போது ஏலத்தை ஒத்திவைத்து மறுஏலம் அறிவிக்க அதிகாரிக்குக் கைகொடுப்பது அந்தக் காகிதங்கள்தான்.

கடைகளின் கதை இன்னும் நயமானது. நகராட்சி தன் வணிக வளாகத்திலுள்ள கடைகளை விற்காது; ஏலத்தில் குத்தகைக்கு விடும். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை 15 சதவிகித உயர்வுடன் ஒன்பதாண்டு வரை குத்தகையை நீட்டிக்கலாம் என்று 2007-ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று வகுத்தது. காகிதத்தின்படி குத்தகைதாரர் ஒருவர். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வேறொருவர். இடையில் நிற்பது உள்வாடகை. ஸ்தல ஸ்தாபனம் பெறும் வாடகைக்கும், உள்வாடகைக்காரர் கொடுக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசமே அந்தச் சொத்தின் உண்மையான விலையில் பொதுமக்களுக்கு வராமல் போன பகுதி. விற்பனையைத் தவிர்த்துக் குத்தகையைத் தேர்ந்தெடுப்பது ஜாக்கிரதையான கொள்கை என்பதில் ஐயமில்லை. ஆனால் தலைமுறை கடந்து ஒரே குடும்பத்தின் கையில் நிலைத்துவிட்ட குத்தகை, பெயரளவில் குத்தகையாயினும் அநுபோகத்தில் கிரயத்துக்கு வெகு தூரத்தில் இல்லை.

அசையும் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களுக்கும் ஸ்தல ஸ்தாபன வாகனங்களுக்கும் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், குப்பை லாரிகளும் ஜீப்புகளும் கழிவு செய்யப்பட்டு ஏலத்துக்கு வருகின்றன. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் இறந்த துயரத்துக்குப் பிறகு, பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் வேலை மாநிலமெங்கும் முடுக்கிவிடப்பட்டது. அவ்வாறு இடிக்கும் கட்டடங்களின் மரமும் ஓடும் இரும்பும் இடித்து எடுத்துக்கொள்ளும் உரிமையாக ஏலத்துக்கு வருவதுண்டு. ஒன்றை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம். அரசு ஸ்தாபனங்கள் பொருள் வாங்குவதை ஒழுங்குபடுத்த 1998-இல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. அது கொள்முதலைப் பற்றிய சட்டம். விற்பதற்கோ, சிதறிக் கிடக்கும் விதிகளும் அரசாணைகளும் வருவாய் நிலையாணைகளுமே வழிகாட்டி.

இனி நிலம். ஒரு கிராமத்தின் நிலங்கள் அனைத்தும் அ-பதிவேடு என்ற ஏட்டில் புல எண் வரிசைப்படி எழுதப்பட்டிருக்கின்றன. பட்டா நிலம் ஒருபுறமிருக்க, மற்றவை தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று வகைப்படும். வழக்கில் புறம்போக்கு என்ற சொல் வசவாகிவிட்டது. யாருக்கும் உதவாதவனை அவ்வாறு அழைக்கிறார்கள். சொல்லின் பிறப்போ கௌரவமானது. வரி விதிப்புக்குப் புறம்பாக ஒதுக்கி வைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். எல்லாருக்கும் உதவுவதால் எவரிடமும் வரி கேட்கக் கூடாத நிலம் அது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் தேவதானமாகக் கொடுக்கப்பட்ட ஊர்களின் அளவைச் சொல்லும்போது, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கன்று மேயும் பாழ் முதலியவற்றை இறையிறுக்கும் நிலத்திலிருந்து கழித்துக் காட்டியிருப்பதைக் காண்கிறோம். கழித்து வைத்தல் என்ற அந்தச் செயலில் இகழ்ச்சி இல்லை, காப்பு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளில் நிலத்தின் தொழில் மாறவில்லை. சொல்லின் மானம் மட்டும் போய்விட்டது. சொல்லின் மானம் போன இடத்தில் நிலம் போவதும் எளிதாகிறது.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, இரயத்துவாரிக் கிராமங்களில் மேய்ச்சல் தரை, களம், இடுகாடு, சுடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளைக் கிராம ஊராட்சியைச் சார்ந்தவையாக ஆக்குகிறது. சார்ந்தவை என்ற சொல்லை ஊன்றி நோக்க வேண்டும். ஊராட்சி அவற்றைப் பராமரிக்கலாம், உபயோகத்தை ஒழுங்குபடுத்தலாம், தோப்பின் பலனை ஏலம் விடலாம். கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்க முடியாது. ஊராட்சியைக் கலந்தாலோசித்தபின், இன்ன புறம்போக்கு இந்த ஏற்பாட்டுக்கு உட்படாது என்று அறிவிக்கும் அதிகாரம் மேலிடத்துக்கு உண்டு. கலந்தாலோசித்தல் வேறு, சம்மதம் பெறுதல் வேறு என்பதை நம் கிராமங்கள் அநுபவத்தில் கற்றிருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் போன்ற ஜமீன்களின் ஆட்சியில் பல கிராமங்கள் இருந்தன; 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அரசு எடுத்துக்கொண்ட எஸ்டேட்டுகளில் புறம்போக்கும் தரிசும் ஜமீன்தாரரை விட்டு அரசுக்கு வந்து சேர்ந்தன. எந்த நிலம் ஜமீனின் சொந்தப் பண்ணை, எது ஊர்ப் பொது என்ற வழக்கு அப்போதே முளைத்தது. அதேபோல் 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தை ஒட்டி ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டபோது, அவற்றின் பள்ளிக்கூடங்கள், சத்திரங்கள், சாலைகள், பயணியர் விடுதிகள் யாவும் வேறு வேறு கைகளுக்கு மாறின. ஒரு ஸ்தல ஸ்தாபனம் தன் சொத்தை விற்பது அபூர்வம். ஸ்தல ஸ்தாபனமே மறைந்து சொத்து கை மாறுவது இந்நாட்டில் அதைவிட அதிகம் நடந்திருக்கிறது.

ஊர்ச் சபை தன் பொது நிலத்தை விற்பது நமக்குப் புதிதன்று என்பதைக் காட்ட வெகு தூரம் போக வேண்டியதில்லை. சோழர் காலத்துச் சபைகள் பொது நிலத்தை விற்று எழுதிக்கொடுத்த விலையாவணங்கள் கோயிற் சுவர்களில் ஏராளமாக உள்ளன. இராஜராஜனின் 24-ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று செய்யாற்றுக்கு அருகில் உக்கல் கோயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட வகை ஊர்களில் இரண்டு முழு ஆண்டு இறை இறுக்காதவர்களின் நிலத்தை ஊராரே விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். விற்கும் அதிகாரம் ஊராருடையது. அரசன் நிபந்தனையைத்தான் வகுத்தான். இந்த ஆவணங்களில் என்னைக் கவர்வது விலையன்று, எல்லை. கிழக்கே இன்னாருடைய நிலத்துக்கு மேற்கு, தெற்கே இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று நான்கெல்லையும் சொல்லி, அயலார் அறிய, சபையார் கையெழுத்திட்டு, கல்லில் வெட்டி, ஊர் கூடும் இடத்தில் நிறுத்தினார்கள். விற்றது எது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

நம் பள்ளத்தாக்கிலேயே அதற்கொரு சாட்சி உண்டு. சின்னமனூர்ச் செப்பேடுகளை இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் மதுரைச் சங்கத்தைப் பற்றிய குறிப்புக்காகப் பெரிதும் போற்றுகிறார்கள். அது நியாயமே. ஆயினும் அரச பரம்பரையின் புகழ்மாலையை நீக்கிவிட்டுப் பார்த்தால், பெரிய செப்பேடு அடிப்படையில் ஒரு நில மாற்றத் தஸ்தாவேஜு. பாண்டியன் இராஜசிம்மன் நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரைப் பிரமதேயமாக்கி, மந்தரகௌரவமங்கலம் என்று அதற்குப் புதுப்பெயர் சூட்டி வழங்கியதை அது பதிவுசெய்கிறது. தானம் கொடுப்பதற்கு முன் பெயர் மாற்றம்! நிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே நிலத்தை மாற்றும் அதிகாரமும் இருக்கிறது என்பதை அந்தச் செப்பேட்டை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: அவர்கள் பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே ஏட்டில் அருகருகே எழுதி வைத்தார்கள்.

இன்றைய வருவாய்த் துறையின் வழக்கில் பொது நிலம் பிறர் கைக்குப் போகும் வழிகள் முக்கியமாக மூன்று. நிலமற்றவருக்கு வழங்குவது ஒப்படை. வேறு துறைக்கோ ஸ்தாபனத்துக்கோ மாற்றிக் கொடுப்பது நில உரிமை மாற்றம். காலவரையறையோடு விடுவது குத்தகை. இம்மூன்றிலும் ஏலம் அபூர்வம். புளியங்காய்க்கு மூன்று தரம் கூவும் நாட்டில், மரம் நிற்கும் நிலம் கூவாமலே போகலாம் என்பது முரணாகத் தோன்றினாலும் அதற்குக் காரணம் உண்டு: ஏழைக்கு மனையும், மருத்துவமனைக்கு இடமும், பள்ளிக்கு மைதானமும் அதிக விலை கேட்பவருக்கே என்று வைத்தால் அவை ஒருநாளும் கிடைக்கமாட்டா. ஆகவே ஏலம் இல்லாததைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஏலத்தோடு வரும் விளம்பரமும், கூட்டமும், தீர்மானமும் இல்லாமல் போவதே விசாரத்துக்குரியது.

நில உரிமை மாற்றத்துக்குப் பொட்டிப்புரத்தைவிடப் பிரசித்தமான உதாரணம் தேனி மாவட்டத்தில் இல்லை. இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை நீலகிரியில் சிங்காராவில் அமைக்க எண்ணியிருந்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அண்மையைக் கருதி அவ்விடம் மறுக்கப்பட்டபின், போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்தை ஒட்டிய அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்ச் சுரங்கத்தின் முடிவில் ஐம்பதாயிரம் டன் இரும்பாலான காந்தக் கருவியை நிறுத்துவது என்று திட்டம் உருவாகியது. மலையடிவாரத்தில் 26.825 ஹெக்டேர் புறம்போக்கு நிலத்தை மாநில அரசு விலையின்றி ஒதுக்கிக் கொடுத்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த பிறகே அந்த நிலத்தைப் பற்றிய பேச்சு உரத்து எழுந்தது: அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தடை, 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயத்தில் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்தம், மறு ஆண்டு மீண்டும் அனுமதி, 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் மாநில அரசே எதிர்ப்பு. நியூட்ரினோவால் ஆபத்து உண்டா இல்லையா என்ற விவாதத்தில் எனக்கு அக்கறையில்லை. அந்தத் துகள்கள் நம்மைக் கேளாமலே நம் உடலை ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கின்றன. எனக்குப் பட்டது வேறு. விஞ்ஞானிகளின் குறிப்பில் அந்த நிலம் காலி நிலம். அடிவாரத்து ஊர்களில் ஆடுமாடு வைத்திருப்பவர்கள் வாயில் அது மேய்ச்சல். ஒரே நிலம், இரண்டு பெயர். எந்தப் பெயர் கோப்பில் ஏறியதோ அதன்படியே மாற்றம் நடந்தது. மற்றப் பெயர் ஊரைவிட்டு வெளியே கேட்பதற்கு நீதிமன்றம் போகவேண்டியிருந்தது.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நன்செயும் பிறர் நிலத்தை மாற்றிப் பெற்ற ஓர் ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கிறது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரிக்கு எழுதிக் கொடுத்த குத்தகைப் பத்திரம், பெரியாற்றின் நீர்ப்பிடிப்பில் 8,000 ஏக்கரை ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகையில், ஆண்டுக்கு 40,000 ரூபாய்க்கு, 999 ஆண்டுகளுக்குத் தந்தது. 1970-இல் வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்தப்பட்டு, மின்உற்பத்திக்குத் தனிக் கட்டணமும் சேர்க்கப்பட்டது. சென்னை சர்க்காருக்கு அது மனிதர் இல்லாத காடு. சமஸ்தானமோ அதை விட்டுக்கொடுக்க எளிதில் இசையவில்லை. பெரியாற்றில் அணை கட்டிய பென்னிகுயிக்கை இன்று வணங்கும் நம் விவசாயிகள் அனைவரும், மலைக்கு அப்பால் ஒரு சமஸ்தானம் விருப்பமின்றிக் கையெழுத்திட்ட ஒரு பத்திரத்தின் பயனாளிகள். பொதுநிலத்தை மாற்றவே கூடாது என்று வாதிடும் உரிமை இந்தப் பள்ளத்தாக்குக்காரனுக்கு இல்லை. அந்தப் பத்திரத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. எவ்வளவு நிலம், எந்த உயரக் கோட்டுக்குக் கீழே, என்ன காரியத்துக்கு, எத்தனை ஆண்டு, என்ன வாடகை என்பது வரிவரியாக எழுதப்பட்டிருந்ததால்தான், நூறாண்டு கழித்தும் இரு மாநிலங்களும் நீதிமன்றத்தில் நின்று அதைப் பற்றி வாதாட முடிந்தது.

எழுதப்பட்ட நிபந்தனை மட்டும் போதுமா என்றால், போதாது என்பதற்குப் பஞ்சமி நிலம் சாட்சி. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892-இல் சென்னை சர்க்கார் தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படை செய்ய உத்தரவிட்டது. பத்தாண்டு வரை விற்கக் கூடாது, அதன்பின்னும் அவ்வகுப்பார் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை பட்டாவிலேயே இருந்தது. பொதுநிலத்தைத் தகுதியுள்ளவருக்கு மாற்றும் முறையாக அதைவிடத் தெளிவானதைக் காண்பது அரிது. அப்படியிருந்தும் அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. பலவந்தத்தாலும் கடனாலும் போனது ஒரு பங்கு. மற்றொரு பங்கு போனது மறு அளவையிலும் மறு பதிவிலும்: ஒரு ஏட்டிலிருந்து இன்னொரு ஏட்டுக்கு எழுதும்போது, நிபந்தனையைக் குறிக்கும் அந்தச் சிறு குறிப்பு விடுபட்டால் போதும், நிலம் மற்ற நிலங்களைப் போன்ற சாதாரண நிலமாகிவிடும்.

இதே வித்தை நம் மாவட்டத்தில் அண்மையில் பெரிய அளவில் நடந்தது. பெரியகுளம் வட்டத்தில் வடவீரநாயக்கன்பட்டி, தாமரைக்குளம், கெங்குவார்பட்டி ஆகிய மூன்று கிராமங்களில், அனாதீனம் என்றும் அரசு நிலம் என்றும் பதிவாகியிருந்த 182 ஏக்கர் நிலம் தனியார் பெயர்களுக்கு மாற்றப்பட்டிருந்தது 2021-இல் வெளிப்பட்டது. வருவாய்த் துறை அதிகாரிகள் பலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள், விசாரணை சி.பி.சி.ஐ.டி. வசம் போயிற்று, வழக்கு மதுரைக் கிளைக்கும் சென்றது. யார் குற்றவாளி என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய விஷயம்; நான் அதில் தலையிடவில்லை. செயலின் உருவத்தை மட்டும் பாருங்கள். அந்த 182 ஏக்கருக்கு ஏலம் இல்லை, தண்டோரா இல்லை, முன்வைப்புத் தொகை இல்லை, எந்த மன்றத்திலும் பொருள் வைக்கப்படவில்லை. கணினியில் ஏறியிருந்த பதிவேட்டில் உரிமையாளர் என்ற கட்டத்தில் ஒரு சொல் போய் இன்னொரு சொல் வந்தது. அனாதீனம் என்ற சொல்லே இத்தகைய காரியத்துக்கு வசதியானது. ஆதீனம் அற்றது, அதாவது யாருடைய பிடியிலும் இல்லாதது என்பதே அதன் பொருள். யாருடையதும் அல்ல என்று எழுதி வைத்த நிலத்தை யாருடையதாகவேனும் ஆக்கிவிடுவது பெரிய பாவமாகச் சிலருக்குத் தோன்றுவதில்லை.

வெளிநாட்டு அநுபவமும் இதற்கு மாறானதன்று. 1987-இல் இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை தனக்குச் சொந்தமான மூன்று இடுகாடுகளை மொத்தம் பதினைந்து பென்சுக்கு விற்றது. பராமரிப்புச் செலவைத் தலையிலிருந்து இறக்கிவைக்க வேண்டும் என்பதே நோக்கம். இடுகாடு அச்சபையின் கணக்கில் சுமை என்ற பத்தியில் இருந்தது. உள்ளே உறவினரைப் புதைத்தவர்கள் கொதித்தெழுந்தபின் நகரசபையே அவற்றைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. இத்தனைக்கும் அந்நாட்டில் 1972-ஆம் ஆண்டின் ஸ்தல ஆட்சிச் சட்டம், நியாயமாகக் கிடைக்கக்கூடிய உயர்ந்த விலைக்குக் குறைவாக நிலத்தை மாற்றக் கூடாது என்றும், திறந்தவெளியாக உள்ள நிலமானால் உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் தொடர்ந்து விளம்பரம் செய்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்றும் விதித்திருந்தது. கலிபோர்னியாவில் 1968 முதல் உள்ள உபரி நிலச் சட்டம் வேறு வழியில் போகிறது: உபரி என்று ஸ்தல ஸ்தாபனம் முடிவுசெய்த நிலத்தை, ஏழைகளுக்கு வீடு கட்டுவோர், பூங்கா அமைப்போர் முதலானவர்களிடம் முதலில் தெரிவித்த பின்னரே சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே உபரி என்று சொல்வதே தனியான ஒரு தீர்மானம். பொதுக்கூட்டத்தில், காரணத்தோடு, பதிவுசெய்து சொல்லவேண்டியது. அந்த ஏற்பாட்டின் மதிப்பை நம் பெரியகுளம் வட்டத்தைப் பார்த்தவர்கள் உடனே உணர்வார்கள்.

நம் நாட்டில் 2011 ஜனவரி 28-இல் உச்ச நீதிமன்றம், பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பைப் பணம் கட்டிச் சீராக்கும் வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்து, ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஆனால் நம் அலுவலகங்களில் புழங்கும் ஆட்சேபகரமான புறம்போக்கு, ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்ற பாகுபாடு அதன்பின்னும் நிலைத்திருக்கிறது. யாருடைய ஆட்சேபம் என்று அந்தச் சொற்றொடர் சொல்லாது. மந்தையில் மாடு கட்டுகிறவனிடம் ஆட்சேபம் உண்டா என்று யாரேனும் கேட்டு எழுதிய கோப்பை நான் பார்த்ததில்லை. குளமும் வாய்க்காலும் ஆட்சேபகரமானவை. காய்ந்த களமும் மேய்ச்சலும் பெரும்பாலும் மற்றப் பக்கத்தில் விழுகின்றன. களத்தில் நெல் அடிப்பது நின்று இயந்திரம் வந்துவிட்டது, ஆகையால் களம் உபரி என்ற வாதம் மேலுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சோளமும் கேழ்வரகும் காயவைக்க நெடுஞ்சாலையின் தாரையே களமாக்கிக்கொண்டிருக்கும் குடியானவர்களைக் காணாதவரையில்.

எதிர்த்திசையில் நடக்கும் ஒரு மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். மூவாயிரம் சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி ஸ்தல ஸ்தாபனத்துக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு உட்பட்டவற்றில் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டவும் அனுமதி உண்டு. மொட்டைப் பாறையும் வாழைத்தோட்டமும் மனைகளாக மாறிவரும் தேனி, சின்னமனூர், கம்பம் சாலையோரங்களில், நகரங்களுக்கு இனி வரப்போகும் பொதுநிலம் பெரும்பாலும் இவ்வழியாகத்தான் வர வேண்டும். பெயர்ப்பலகையும் வேலியும் இல்லாமல், மனைப்பிரிவு வரைபடத்தில் பச்சை நிறத்தில் மட்டும் இருக்கும் இந்தத் துண்டுகள் இன்றே எழுதி வைக்காவிட்டால் நாளைய அனாதீனங்கள்.

இப்போது அ-பதிவேட்டின் விவரத்தை வருவாய்த் துறையின் இணையச் சேவையில் எவரும் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால், நிலம் அரசுடையதா தனியாருடையதா என்பது திரையில் வந்து நிற்கிறது. கர்ணம் வீட்டு மரப்பெட்டிக்குள் இருந்த ஏட்டை உலகறியத் திறந்து வைத்தது சாமானியமான சாதனையன்று. நானும் ஒரு மாலைப்பொழுதில் எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றின் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். களம், தோப்பு, நத்தம் என்று பெயர்கள் வந்தன. சில எண்களுக்கு ஆட்களின் பெயர்கள் வந்தன. திரை இன்றைய பெயரைத்தான் காட்டுகிறது. அந்தக் கட்டத்தில் நேற்று என்ன எழுதியிருந்தது, எந்தத் தேதியில் யார் மாற்றினார் என்பதற்கு அதில் இடமில்லை. அதை அறிய வேண்டுமானால், இன்னமும் முத்தாலம்மன் கோயிலுக்கு எதிரே மந்தையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவர்களிடம்தான் போய்க் கேட்கவேண்டியிருக்கிறது.